எல்லப்பனுக்கு ஊர் காட்டிய நாள்

கைதிகளை இனிமேல் நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஜெயிலுக்குப் புது உத்தரவு வந்திருக்கிறதாம். எங்கள் லிங்கராஜபுரத்தில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் வார்டர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னார். சொல்லிவிட்டு, "பேரானா என்ன, நம்பரானா என்ன அண்ணே, கூப்பிட்டா எழுந்து நிக்கப் போறான், அவ்வளவுதானே" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெருவில் நின்று பேசுகிற விஷயமில்லை. வீட்டுக்கு வந்து, ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட மாட்டேன். அப்பா பட்டாளத்தில் குதிரைக்காரர். எனக்குக் குதிரை என்றாலே பயம். பிளாக்பள்ளி மாதா கோயில் சாமியார் ஒருவருடைய சிபாரிசில் இருபது வயதில் ஜெயிலுக்குள் போனேன், ஐம்பத்தைந்தில் வெளியே வந்தேன். நானும் ஒரு வகையில் ஆயுள் கைதிதான் என்று என் மனைவி சொல்லுவாள். முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், எண்ணுவது. காலையில் பூட்டுத் திறந்ததும் எண்ண வேண்டும். வேலைக்கு அனுப்பும்போது, களி போடும்போது, சாயங்காலம் ஊதுகொம்பு ஊதி அடைக்கும்போது எண்ண வேண்டும். கைதிகள் ஜோடி ஜோடியாகக் குந்தி உட்கார்ந்திருப்பார்கள். நம்பரை இந்துஸ்தானியில் சொல்லி "உட்!" என்போம். அவன் எழுந்து நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்ட வேண்டும், கையில் ஒன்றும் இல்லை என்று காட்ட. அவன் தமிழனோ கன்னடக்காரனோ, உத்தரவு இந்துஸ்தானியில்தான். தூக்கத்தில்கூட நான் எண்ணுவேனாம். அதையும் அவள்தான் சொல்லுவாள்.

எல்லப்பன் நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் பேச்சில் 'சார்சோ பாரா'. அல்சூரில் கல்தச்சர். கூட வேலை செய்த ஒருவன் குடித்துவிட்டு எல்லப்பன் மனைவியைப் பற்றி வாயில் வந்ததைப் பேசியிருக்கிறான். கையில் சுத்தியல் இருந்தது. ஒரே அடி. பிளேக் அடங்கின கையோடு நடந்த சங்கதி. ஆயுள் தண்டனை. தண்டனையில் குறைத்த கழிவெல்லாம் போக, பதினான்கு வருஷம் எங்களோடு இருந்தார். மனைவி இரண்டு தடவை முலாக்காத்தில் அவரைப் பார்க்க வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போனாள். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் செத்தாள். அவர் உள்ளே வந்தபோது நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதை மேஸ்திரியாக இருந்த தாய்மாமன் அந்த வீட்டுக்கே வந்து இருந்து வளர்த்தான்.

'இருந்தார்' என்று எழுதுகிறேனே, அப்போது அப்படிச் சொன்னதில்லை. 'டேய்'தான். இந்த 'ர்' எப்படி வந்தது என்றால் ராவ் ஐயாவால் வந்தது.

ராவ் ஐயா எங்கள் ஜெயிலர். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், மெலிந்த ஆள். சத்தம் போட்டு ஒரு நாள் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்து நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவன் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்டனை முடிந்து ஒருவன் வெளியே போகிற அன்று, அவனைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். உத்தரவை இரண்டு தரம் வாசிப்பார். வலது காதுப் பக்கத்து மச்சம், இடது முழங்கால் தழும்பு என்று புத்தகத்தில் இருக்கிற அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி சொல்லுவார். பெருவிரல் ரேகை வாங்குவார். உள்ளே வந்த அன்று கட்டி வைத்த துணிமூட்டையைப் பிரித்துக் கொடுப்பார். பெரும்பாலும் பூச்சி அரித்திருக்கும். அதனால் ஒரு புது வேட்டியும் துண்டும் உண்டு. இதெல்லாம் முடிந்த பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்று, பேரோடு 'அவரே' சேர்த்துக் கூப்பிடுவார். அன்றைக்கும் எழுந்து நின்றார்.

"எல்லப்பனவரே," என்றார்.

எல்லப்பன் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

ராவ் ஐயா மேஜையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். தாய்மாமன் எழுதினது. பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தகப்பன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போய் அங்கே செத்துவிட்டான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறோம், பெண்ணுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம், அல்சூர்ப் பக்கம் அவரை வரவிடாமல் செய்ய வேண்டும். இவ்வளவுதான் கடுதாசி. ராவ் ஐயா அதை நிதானமாக, தனக்கு வருகிற தமிழில் வாசித்தார்.

"உங்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க இப்போ யாருக்கும் கைதி இல்லை. நீங்கதான் சொல்லணும்."

எல்லப்பன் யோசிக்கவே இல்லை. "போகலைங்க. தம்பி தங்கவயல்ல இருக்கான். அங்க போறேன்."

ரயில் சாயங்காலம். மணி அப்போது காலை எட்டு. ராவ் ஐயா என்னைப் பார்த்தார். ராத்திரிக் காவல் முடிந்து நின்றேன், அன்று பகல் எனக்கு ஓய்வு. "சூசை, இவர் உள்ளே வரும்போது ஊரில் மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. தனியா விட்டா சக்கரத்துக்கு அடியில போயிடுவார். வெளியூரிலிருந்து வந்த பெரிய மனுஷனுக்கு ஊர் காட்டுற மாதிரிக் காட்டு. வண்டி ஏத்திட்டுப் போ. அல்சூர் வேண்டாம். மரியாதையாப் பேசு."

இவனுக்கு மரியாதையா என்று மனசுக்குள் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நினைத்தேன்.

லால்பாகுக்குப் போனோம். அவர் மரத்தையும் பார்க்கவில்லை, கண்ணாடி மாளிகையையும் பார்க்கவில்லை. அடி வைக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பீடி பற்ற வைக்க நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஆள் குந்தி உட்கார்ந்திருக்கிறார், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு.

"என்னங்க இது, எழுந்திருங்க."

எழுந்தார். தொட்டியில் மீன் பார்க்க நின்றேன், மறுபடி உட்கார்ந்தார். நான் நின்றால் அவர் உட்காருவார், நான் நடந்தால் எழுந்து நடப்பார். புதுக் கல்யாண ஜோடி ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. நாலாவது தடவைக்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளைத் தேட வேண்டியதில்லை அல்லவா.

கப்பன் பார்க்கில் வெள்ளைக்கார மகாராணி சிலையைக் காட்டினேன். அதை மட்டும் அண்ணாந்து பார்த்தார். "இவங்க காலமானதுலதான் அடுத்த ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்துது. எனக்கு ஒரு மாசம் கழிவு கெடைச்சுது," என்றார். கும்பிட்டார். நல்ல வேலைப்பாடு, கல்லு வெளிநாட்டுக் கல்லு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

பட்டாளத்துக் குடியிருப்பான தண்டுப் பக்கம் ஒரு காப்பி ஓட்டலில் பகலிலேயே மின்சார விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றுவிட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தார். விளக்கையே பார்த்தார். "ராத்திரியில மதிலுக்கு அந்தாண்ட வானத்துல ஒரு வெளிச்சம் தெரியுங்க. எங்கேயோ தீப் புடிச்சிருக்குன்னு நெனைச்சேன். தெனம் தெரியவும், அது இல்லன்னு தெரிஞ்சுது. இதுதானா அது?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, காலையிலேருந்து ஊரு காட்டினீங்க. இதெல்லாம் உங்க ஊருங்க. என் ஊரு அல்சூரு."

"ராவ் ஐயாகிட்ட ஒத்துக்கிட்டீங்களே."

"ஒத்துக்கிட்டேன். பாக்காம இருந்துடலாம்னுதான் நெனைச்சேன். வெளிய வந்தப்பறம் முடியலைங்க. அப்பன்னு சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரன், கோயில் பாக்க வந்தவன். ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, மொகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன். எம் பொண்ணு மொகம் எனக்கு நாலு வயசுலதான் தெரியும்."

கல்யாணம் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்றேன். நீங்க கூட இருக்கீங்களே, நான் தப்பா ஒரு வார்த்தை பேசினா அங்கேயே இழுத்துக்கிட்டு வந்துடுங்க என்றார். பிறகு, "பதினாலு வருஷத்துல உங்ககிட்ட நான் எதாவது கேட்டிருக்கனா?" என்றார். ஒன்றும் கேட்டதில்லை. ஒரு துண்டுப் பீடி கேட்டதில்லை. ஜட்காவைக் கூப்பிட்டேன்.

அல்சூரில் அவருக்குத் தன் தெரு தெரியவில்லை. பிளேக்குக்குப் பிறகு பாதி வீடுகளை இடித்து, தெருவை அகலமாக்கியிருந்தார்கள். தெருமுனையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான்தான் நாலு பேரிடம் மேஸ்திரி வீடு எது என்று கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தன் வீட்டுக்குத் தானே வழி கேட்டுப் போகிற தலையெழுத்து யாருக்கும் வரக்கூடாது.

வாசலில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது இருக்கும். கேட்காமலே தெரிந்தது, எல்லப்பனுடைய தாடைதான்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா? இவர் வெளியூரு. ஓசூர்ப் பக்கம். சோமேசுவரர் கோயில் பாக்க வந்திருக்கார்."

"உக்காருங்க," என்றாள். உள்ளே கையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளை வீட்டு அம்மா வந்திருக்காங்க, புடவை விஷயமாப் பேசிக்கிட்டிருக்காங்க. அதான் உள்ள கூப்பிட முடியல." சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.  மாமனாவது பரவாயில்லை, சம்பந்தியம்மாளே உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லப்பன் வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீரைத் தூக்கிக் குடித்தார். குடித்து முடித்தும் சொம்பைக் கொடுக்கவில்லை.

"அல்சூருக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

கலகலப்பான பெண். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள். தெரு முன்னே இவ்வளவுதான் இருக்குமாம், அந்தக் குழாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம், அதற்கு முன்னால் ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போவார்களாம், அங்கே வழுக்கி விழாத பெண்ணே இந்தத் தெருவில் கிடையாதாம். "அவ்வளவு தூரமாம்மா?" என்றார் எல்லப்பன், அந்தக் கிணற்றைக் கண்ணால் பார்க்காதவர் மாதிரி. நன்றாகத்தான் நடித்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

படிக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கல் கிடந்தது. அதன்மேல் அவர் கை போயிற்று. "நல்ல வேலை," என்றார்.

"எங்கப்பா கொத்தினது. ரங்கூன்ல செத்துட்டாரு."

"அப்படியாம்மா."

பேசிக்கொண்டே அவர் விரல் கல்லின் அடிப்பக்கம் போய் எதையோ தடவியது. கல்தச்சர்கள் தாங்கள் கொத்தின கல்லில் ஆளுக்கொரு அடையாளம் போடுவார்கள். இவருடையது அங்கே இருந்தது போலிருக்கிறது. பார்க்காமல், தேடாமல், விரல் நேராக அந்த இடத்துக்குப் போனதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கிற கை நின்றது.

"அங்க ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அங்கதான் போடுவாங்கம்மா. நானும் கல் வேலைக்காரன்தான்."

சமாளித்துவிட்டார். அவளும் மறுபடி பாத்திரத்தை எடுத்தாள். அதோடு எழுந்து போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கெடுத்தது நான்தான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து லைனில் சாயங்கால ஊதுகொம்பு ஊதினார்கள். எங்கள் ஜெயிலில் அடைக்கிற நேரத்துக்கு ஊதுவதும் அதே ராகம்தான். ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"சார்சோ பாரா! உட்!"

எல்லப்பன் துள்ளி எழுந்தார். சொம்பு உருண்டது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, கண்ணை நேராக வைத்து, எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

எங்கள் கைதிகள் அல்சூர் ஏரிக்கரைக்கு ரோடு வேலைக்கு வருவார்கள். ரோட்டோரத்தில் வைத்து நாங்கள் எண்ணுவதைத் தெருவில் பார்க்காதவர்கள் கிடையாது. அவளும் பார்த்திருப்பாள். நீட்டின கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை, தாடையை, ரொம்ப நேரம் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எல்லப்பனுக்குக் கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்ன சத்தம், மங்கா?" என்று உள்ளேயிருந்து அவள் அத்தையின், அந்த மாமன் மனைவியின், குரல் வந்தது.

அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் முடிந்த கதைதான். 

"ஒண்ணுமில்ல அத்தை. வெளியூர்க்காரங்க, தண்ணி கேட்டாங்க, சொம்பு கை தவறிடுச்சு," என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "கோயிலுக்கு வழி தெரியாதாம். காட்டிட்டு இதோ வந்துடறேன்."

இதற்கு மேல் எழுதுவதற்கு முன் மறுநாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலையில் ராவ் ஐயா முன்னால் போய் நின்று, அல்சூருக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"நம்பரைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

"நானும் சொல்லியிருப்பேன், சூசை." அவ்வளவுதான். 

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. எல்லப்பன் தங்கவயலில் நாலு வருஷம் இருந்து, மார்ச்சளியில் செத்தார் என்று அவர் தம்பி எழுதினான். அல்சூருக்கு அவர் மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பேர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ராவ் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, கோயிலில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை.

அன்று கோயிலுக்கு மங்கா முன்னால் நடந்தாள், எல்லப்பன் பின்னால், நான் கடைசியில்.  கோயிலுக்குள் போனதும், ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்குக் காட்டுகிற மாதிரியே ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது கொடிமரம், இந்தத் தூணில் குதிரை இருக்கு பாருங்க, இது ரொம்பப் பழைய மண்டபம். பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் அங்கே வந்திருப்பாரோ. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். "நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கும்மா" என்றார்.

வெளிப் பிராகாரத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள்.

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். அப்பா அம்மா இல்ல. நீங்க பெரியவங்க, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க," என்று சொல்லி அவர் காலில் விழுந்தாள். கல்யாணப் பெண் எந்தப் பெரியவர் காலில் விழுந்தாலும் யார் என்ன சொல்லப் போகிறார்கள்.

எல்லப்பனின் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. முலாக்காத்தில் வந்தவர்களைத் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். தொட்டால் மூன்று மாதத்துக்கு முலாக்காத் கிடையாது. அவர் மனைவி வந்தபோது காவல் நின்றவன் நான்தான், கையை எடு என்று கம்பியைத் தட்டினவனும் நான்தான். அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"தொடலாங்களா, ஐயா?"

 தொடுங்க என்று சொல்ல நான் யார்? சொல்லாமல் நிற்கவும் நான் யார்? 

அவள் தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"அவரை எதுக்குக் கேக்கறீங்க? இது என் தலை."

கையை வைத்தார். எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.